குடும்பக் கட்டுப்பாடும் அரசின் இலக்கும்
இந்திய மக்கள்தொகைக் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

குடும்பக் கட்டுப்பாடு பற்றிய வினாக்கள் ஆயர்களுக்குப் புதியன அல்ல. திருமண ஆயத்த வகுப்பிலும், பிரசவத்திற்குப் பின் வீடு சந்திக்கும் வேளையிலும், பிள்ளையில்லாத் தம்பதியரின் கண்ணீரிலும் அவை எழும்புகின்றன. எனினும் இவ்வினாக்களைத் தனிக் குடும்பத்தின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் கருதிவிடுவது நம்மிடையே வழக்கமாயிற்று. ஒரு தம்பதியர் எத்தனை பிள்ளைகளைப் பெறுவது என்னும் முடிவினுள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அரசும் ஒரு பங்காளியாக அமர்ந்திருக்கிறது. அது முதலில் குறைவாகப் பெறும்படி வேண்டியது; பின்னர் வற்புறுத்தியது; ஒரு காலத்தில் கட்டாயப்படுத்தியது. அண்மையில் சில மாநிலத் தலைவர்கள் மிகுதியாகப் பெறும்படி கேட்கத் தொடங்கியுள்ளனர். இவ்வரலாற்றின் படிகளைச் சுருக்கமாக விளக்கி, அதனின்று எழும் நெறிமுறை வினாக்களை ஆயர்களின் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொள்கையின் தோற்றம்

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை 36 கோடி. 1981-இல் அது 68 கோடியாயிற்று. இப்பெருக்கத்தின் காரணத்தை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும். மக்கள் முன்னைவிட அதிகமாகப் பிள்ளைகளைப் பெற்றதால் தொகை பெருகவில்லை. பிறந்தவர்கள் முன்னைப்போல் மடியாததால் பெருகிற்று. மலேரியா ஒழிப்பு, அம்மைத் தடுப்பு, புதிய மருந்துகள், பஞ்ச நிவாரணம் ஆகியவற்றால் இறப்பு விகிதம் விரைந்து குறைந்தது. பிறப்பு விகிதமோ பழைய நிலையிலேயே நின்றது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஆறு பிள்ளைகளைப் பெற்ற காலம் அது. ஆறில் இரண்டோ மூன்றோ தங்கும் என்று எண்ணியே பெற்றோர் ஆறு பெற்றனர். மக்கட்பெருக்கம் என்னும் இடர், உண்மையில் சாவின்மேல் மனிதன் பெற்ற ஒரு வெற்றியின் பின்விளைவாகும்.

1952-இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் அலுவல் திட்டமாக ஏற்றது. உலகில் அவ்வாறு ஏற்ற முதல் நாடு இதுவே. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 65 இலட்சம் ரூபாய். அப்போது நலத்துறை அமைச்சராயிருந்தவர் ராஜகுமாரி அம்ரித் கௌர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், காந்தியடிகளின் வழி நின்றவர். காந்தியடிகள் செயற்கைக் கருத்தடையை எதிர்த்து, தன்னடக்கமே வழி என்று கொண்டார்; 1935-இன் இறுதியில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் இதையே வலியுறுத்தினார். ஆகவே அம்ரித் கௌர் கருவுறா நாட்களைக் கணக்கிடும் முறையை மட்டுமே முதலில் அனுமதித்தார். எழுத்தறியாத பெண்கள் நாட்களை எண்ணுவதற்கென வண்ண மணிகள் கோத்த மாலைகள் வழங்கப்பட்டன. அம்முறை பரவலாகப் பயன் தரவில்லை.

தமிழகத்தில் இவ்வுரையாடல் இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1928-இல் சென்னையில் கருத்தடையை ஆதரிக்கும் ஒரு கழகம் தோன்றியிருந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி கருத்தடையை ஆதரித்தபோது, மற்றவர்கள் கூறிய காரணங்களினின்று தம் காரணத்தை வேறுபடுத்திக் காட்டினார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து என்று பிறர் பேச, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவருடைய சமயக் கருத்துக்களோடு நாம் உடன்படாவிடினும், அவர் காட்டிய இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் நல்லது. கருத்தடை யாருக்காக என்னும் கேள்வியே பின்வரும் வரலாறு முழுவதிலும் மறைந்து நிற்கிறது.

2. இலக்கும் ஊக்கத்தொகையும்

1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநில அரசு, கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு 30 ரூபாய் வழங்கும் முறையைத் தொடங்கியது. கூலித் தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று. இதனை முன்னின்று நடத்தியவர், 1951-இல் கணக்கெடுப்பு ஆணையராயிருந்து பின் சென்னையின் தலைமைச் செயலாளரான ஆர். ஏ. கோபாலசுவாமி. அறுவைக்கு ஆள் சேர்ப்போருக்கும் பின்னர் கைப்பணம் தரப்பட்டது. இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது.

1965-இல் லூப் என்னும் வளையம் அறிமுகமாயிற்று. 1966 முதல் ஒவ்வொரு மாநிலத்திற்கும், மாவட்டத்திற்கும், சுகாதார நிலையத்திற்கும் எண்ணிக்கை இலக்குகள் வகுக்கப்பட்டன. 1966-67-இல் பீகாரில் வறட்சி நேர்ந்து, நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. உணவு தரும் நாடு குடும்பக் கட்டுப்பாட்டைத் தீவிரப்படுத்தும்படி நெருக்கிற்று. சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் எழுதப்பட்டது. 1968-இல் நிரோத் மூன்று 15 காசு விலையில் பெட்டிக் கடைகளுக்கு வந்தது. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,000-க்கு மேற்பட்ட ஆண்கள் முகாமில் அறுவை செய்துகொண்டனர். அம்முகாம் நாடெங்கும் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது.

இலக்கு என்பது ஆட்சியாளருக்கு வசதியான கருவி. வேலை நடந்ததா என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம். ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. இலக்கு வந்தவுடன் ஊழியர் மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவராகிறார். எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்னும் நிலை பின்தள்ளப்படுகிறது. லூப் பொருத்தப்பட்ட பெண்களுக்கு இரத்தப்போக்கும் வலியும் நேர்ந்தபோது, அவர்களைத் தொடர்ந்து கவனிக்க இடங்களோ ஆட்களோ போதவில்லை. சில ஆண்டுகளிலேயே அம்முறை மக்கள் நம்பிக்கையை இழந்தது. எண்ணிக்கை நிறைவேறியது; பராமரிப்பு நிறைவேறவில்லை.

3. நெருக்கடி நிலையும் கட்டாயமும்

1974-இல் புகாரெஸ்ட் நகரில் கூடிய உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்திய அமைச்சர் கரண் சிங், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்னும் கருத்தை முன்வைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1976 ஏப்ரல் 16 அன்று, அவரே தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். பெண்ணின் திருமண வயது 18, ஆணுக்கு 21 என உயர்த்துதல், பெண்கல்வியைப் பெருக்குதல் ஆகிய நல்ல கூறுகள் அதில் இருந்தன. ஆயினும் மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குடும்பக் கட்டுப்பாட்டின் நிறைவேற்றத்தோடு பிணைக்கப்பட்டது. கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்ற விரும்பும் மாநிலங்களுக்குத் தடையில்லை என்றும் கூறப்பட்டது. மகாராஷ்டிரம் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாததால் அது சட்டமாகவில்லை.

சட்டமில்லாமலேயே கட்டாயம் நடைபெற்றது. 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையில் பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலிருந்தனர். சஞ்சய் காந்தியின் திட்டங்களில் குடும்பக் கட்டுப்பாடு முதலிடம் பெற்றது. வட மாநிலங்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் குறித்த எண்ணிக்கையில் ஆள் சேர்க்காவிடில் சம்பளத்தை இழக்க நேர்ந்தது. 1976 நவம்பரில் அரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீசார் சூழ்ந்து, ஆண்களைப் பிடித்துச் சென்று பலருக்கு அறுவை செய்வித்தனர். 1975-76-இல் சுமார் 27 இலட்சமாயிருந்த அறுவைகள் 1976-77-இல் ஏறத்தாழ 83 இலட்சமாயின. அவற்றில் நாலில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஏழைகளும், தாழ்த்தப்பட்டோரும், முஸ்லிம்களுமே பெரிதும் துன்புற்றனர். அறுவையைத் தொடர்ந்து நேர்ந்தவையாக 1,774 மரணங்களை ஷா ஆணையம் பதிவு செய்துள்ளது.

அந்நாட்களில் பேசத் துணிந்தோர் சிலரே. கிறிஸ்தவச் சிந்தனையாளர்களுள் எம். எம். தாமஸ் நெருக்கடி நிலையை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். மக்கள் தங்கள் பதிலை 1977 மார்ச் தேர்தலில் கூறினர். அத்தோல்விக்குப் பின் 1977-78-இல் அறுவைகள் பத்து இலட்சத்திற்கும் கீழே வீழ்ந்தன. துறையின் பெயரும் 'குடும்ப நலம்' என மாற்றப்பட்டது. கட்டாயம் மனித மாண்புக்கு எதிரானது என்பதோடு, தன் நோக்கத்தையே தோற்கடித்தது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

4. பெண்ணின்மேல் விழுந்த பாரம்

1977-க்குப் பின் வந்த அரசுகள் ஒரு பாடத்தைக் கற்றன. அது சரியான பாடமன்று. ஆண்களைத் தொட்டால் ஆட்சி கவிழும் என்று அவை கண்டன. எனவே திட்டம் அமைதியாகப் பெண்களின்பால் திரும்பிற்று. ஆண் கருத்தடை அறுவை எளியது, ஆபத்துக் குறைந்தது, சில நிமிடங்களில் முடிவது. பெண்ணுக்குச் செய்யப்படுவதோ வயிற்றைத் திறக்கும் அறுவை. இருப்பினும் 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள், ஆண் அறுவையோ நூற்றுக்கு ஒன்றை எட்டவில்லை, அது 0.3 மட்டுமே. தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள்.

1994-இல் கெய்ரோவில் கூடிய பன்னாட்டு மாநாடு, எண்ணிக்கையை விட்டுப் பெண்ணின் உரிமையையும் உடல்நலத்தையும் மையமாக வைத்தது. அதன்பின் 1996 ஏப்ரலில் இந்திய அரசு இலக்குகளை நீக்கியது. 2000-ஆம் ஆண்டுத் தேசிய மக்கள்தொகைக் கொள்கை தன்விருப்பத்தையும், அறிந்து தெரிந்தெடுத்தலையும் அடிப்படையாக அறிவித்தது. ஆயினும் காகிதத்தில் நீங்கிய இலக்கு நடைமுறையில் நீடித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கு மேற்பட்ட இளந்தாய்மார் இறந்தனர். 2016-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி தீர்ப்பளித்தது.

இன்னொரு தீங்கும் உண்டு. மகன் வேண்டும் என்னும் ஆசை மாறாத இடத்தில் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்னும் முழக்கம் மட்டும் நுழைந்தபோது, தள்ளப்பட்டது பெண் சிசுவே. 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக் கொலைகள் நாட்டை அதிர வைத்தன. 1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் ஸ்கேன் கருவி அதே வேலையைக் கருவிலேயே செய்தது. ஆறு வயதிற்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் நாட்டில் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் 927 பேரே இருந்தனர். சிறு குடும்பம் தன்னில் தானே நீதியான குடும்பமாகிவிடாது.

5. பிறப்பைக் குறைத்தது எது?

இத்தனை தவறுகளுக்கு நடுவிலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால், ஒரு தலைமுறை தன்னிடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்பிக்கொள்ளும். இது பதிலீட்டு அளவு எனப்படும். ஐந்தாம் ஆய்வின்படி இந்தியாவின் சராசரி 2.0, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8; உத்தரப் பிரதேசத்தில் 2.4, பீகாரில் 3.0. 'அப்படியாயின் தொகை ஏன் இன்னும் பெருகுகிறது?' என்று மாணவர் கேட்கலாம். முந்தைய பெருக்கத்தில் பிறந்த பெருந்தொகையினர் தாய் தந்தையாகும் வயதில் உள்ளனர். ஒவ்வொருவரும் இரண்டே பெற்றாலும், பெறுவோர் பலராதலால் பிறப்புகள் இறப்புகளை விஞ்சுகின்றன. ஓடும் வண்டி பிரேக் போட்ட பின்னும் சிறிது தூரம் உருள்வதைப் போன்றது இது. 2023-இல் ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி இந்தியா சீனத்தை முந்தியது இவ்வாறே.

இச்சரிவு கட்டாயத்தால் வந்ததன்று என்பதற்குக் கேரளமே சான்று. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதனைச் சீனத்தோடு ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். சீனம் ஒற்றைக் குழந்தைச் சட்டத்தைத் தொடங்கிய 1979-இல் அங்கு சராசரி 2.8, கேரளத்தில் 3.0. 1991-இல் சீனத்தில் 2.0, கேரளத்தில் 1.8. கட்டாயமின்றியே கேரளம் முந்திற்று. பெண்கள் கற்றனர், திருமணம் தள்ளிப்போயிற்று, பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் உறுதி பெற்றோருக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 2000-ஐ ஒட்டியே பதிலீட்டு அளவு எட்டப்பட்டது. கிராமந்தோறும் சென்ற செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், பேருந்தும் வானொலியும் சிற்றூர்களை நகரோடு இணைத்தமை, சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் ஆகியவற்றை ஆய்வாளர் காரணங்களாகக் கூறுவர். தாய் ஒருத்தி தன் முதற் பிள்ளை சாகாது என்று நம்பத் தொடங்குமிடத்தில்தான் குடும்பக் கட்டுப்பாடு வேர்கொள்கிறது.

சமய அடிப்படையிலான அச்சங்களையும் இங்கு சோதித்துப் பார்க்கலாம். 1992-93-இல் முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4, இந்துப் பெண்களுடையது 3.3, கிறிஸ்தவப் பெண்களுடையது 2.9. 2019-21-இல் அவை முறையே 2.4, 1.9, 1.9 ஆயின. மிக விரைவாகக் குறைந்தது எச்சமூகத்தில் என்பது வெளிப்படை. பிறப்பின் அளவை முதன்மையாக முடிவு செய்வது கல்வியும் வாழிடமும் வாய்ப்புமேயன்றி வழிபாடன்று.

6. தென்மாநிலங்களின் வினா

1976-இல் எடுக்கப்பட்ட மற்றொரு முடிவு இப்போது விவாதப் பொருளாகியுள்ளது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலம் பாராளுமன்றத்தில் இடங்களை இழக்கலாகாது என்பதற்காக, 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே தொகுதி எண்ணிக்கை அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. 84-ஆம் திருத்தம் இதனை 2026-க்குப் பின் நடைபெறும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அவ்வெல்லை நெருங்கியபோது, சொன்னபடி கேட்டதற்குத் தண்டனையா என்று தென்மாநிலங்கள் வினவின. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக்கட்சிக் கூட்டமும், பல மாநிலத் தலைவர்கள் பங்கேற்ற கூட்டமும் இதன்பொருட்டு நடந்தன. மறுபுறம், ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்கும் சம மதிப்பு என்னும் கோட்பாடும் எளிதில் தள்ளக்கூடியதன்று. இரு நியாயங்கள் மோதும் இடம் இது.

இச்சூழலில் குரல்கள் மாறியுள்ளன. இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளை பெற்றோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்னும் விதியை 2024-இல் ஆந்திரப் பிரதேசம் நீக்கியது. அதிகப் பிள்ளைகள் பெறும்படி அதன் முதலமைச்சர் வேண்டுகோள் விடுத்தார். திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 2021-இல் கேரளத்தின் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம், ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் பெறும் குடும்பங்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. முன்பு 30 ரூபாய் கொடுத்துக் குறைக்கச் சொன்னதும், இப்போது பணம் கொடுத்துப் பெருக்கச் சொல்வதும் திசையில் வேறுபட்டவை. பெண்ணின் கருப்பையை ஒரு கூட்டத்தின் பலத்துக்கான கருவியாக எண்ணுவதில் இரண்டும் ஒன்றே.

7. ஆயர்களின் சிந்தனைக்கு

சீர்திருத்தத் திருச்சபைகள் கருத்தடையை ஏற்ற வழியை நாம் அறிவோம். 1930-இல் லாம்பெத் மாநாடு வரையறையோடு இசைவளித்தது. 1958-இல் குடும்பத் திட்டத்தைத் தம்பதியர் மனச்சாட்சியோடு ஏற்கும் பொறுப்பு எனக் கூறியது. 1968-இல் உரோமைத் திருச்சபை செயற்கை முறைகளை மறுத்தது. இந்திய மிஷன் மருத்துவமனைகள் பல அரசுத் திட்டத்தில் பங்கேற்றன. முறை சரியா தவறா என்னும் விவாதத்திலேயே நின்றுவிட்ட நாம், முடிவெடுப்பவர் யார் என்னும் வினாவைப் போதிய அளவு எழுப்பவில்லை.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தை இவ்வொளியில் மீண்டும் வாசிக்கலாம். ஓர் இனத்தின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய அரசன், தன் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை மருத்துவச்சிகளின் கையில் ஒப்படைக்கிறான். வரலாறு அரசனின் பெயரைக் குறிக்கவில்லை. சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகளின் பெயரைக் குறிக்கிறது. அரசின் கணக்குக்கும் தாயின் கட்டிலுக்கும் இடையே நின்று, தாயின் பக்கம் சாய்ந்தவர்கள் அவர்கள். இலக்கின் நெருக்கடியில் தவிக்கும் கிராமச் செவிலியருள் நம் சபையார் எத்தனையோ பேர். அவர்களுக்கு நாம் என்ன துணை செய்கிறோம்?

நடைமுறையில் சில கடமைகளைக் கூறலாம். முதலாவது, திருமண ஆயத்த வகுப்பில் எல்லா முறைகளையும், அவற்றின் நன்மை தீமைகளையும் மருத்துவர் ஒருவரைக் கொண்டு விளக்கச் செய்தல் வேண்டும். தற்காலிக முறை எதையும் அறியாமல் இருபத்தைந்து வயதில் நிரந்தர அறுவைக்குப் போகும் பெண் தெரிந்தெடுத்தவள் அல்லள். இரண்டாவது, கணவனின் பங்கை வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். ஆண் அறுவையால் ஆண்மை குன்றும், உழைக்கும் வலிமை போய்விடும் என்னும் தவறான எண்ணத்தை ஆயர் மறுத்துரைத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவது, ஆலய வளாகத்தில் முகாம் நடத்த அழைப்பு வரும்போது, வருவோர் மனமொப்பி வருகின்றனரா, பின்கவனிப்பு உண்டா என்று கேட்ட பின்னரே இசைதல் வேண்டும். நான்காவது, பெண் பிள்ளைகளை மட்டும் பெற்றோரையும், பிள்ளையில்லாதோரையும் சபை நடத்தும் விதம் சோதிக்கப்பட வேண்டும். ஞானஸ்நான ஆராதனையில் நாம் பேசும் வாழ்த்துக்கள் எத்தனை தாய்மாரை வேறொரு மகனுக்காக மீண்டும் பிரசவ அறைக்கு அனுப்பியுள்ளன! ஐந்தாவது, 'நம் எண்ணிக்கை குறைகிறது' என்னும் அச்சப் பேச்சைப் பிரசங்க பீடத்தினின்று விலக்குதல் வேண்டும்.

முடிவுரை

மக்கள்தொகையைப் பற்றிக் கவலைப்பட அரசுக்கு உரிமையுண்டு. உணவும் நீரும் பள்ளியும் வேலையும் திட்டமிடப்பட வேண்டியவை. ஆயினும் அரசு ஒரு நாட்டைப் பார்க்கும் தொலைவிலிருந்து ஒரு தாயைப் பார்க்க இயலாது. அங்கிருந்து அவள் ஓர் எண்ணாகவே தோன்றுவாள். இந்தியாவின் வரலாறு கற்பிப்பது தெளிவு: மக்களை எண்களாகக் கொண்ட ஆண்டுகளில் துன்பமும் தோல்வியும் விளைந்தன, தாயின் கல்வியிலும் குழந்தையின் உயிரிலும் அக்கறை காட்டிய இடங்களில், யாரும் நெருக்காமலே பிறப்பு குறைந்தது. பிள்ளைகளைக் குறைக்கச் சொல்லும் குரலும் கூட்டச் சொல்லும் குரலும் நம் சபையாரின் வாசலில் மாறிமாறி நிற்கின்றன. அவ்வாசலுக்குள் சென்று அமர உரிமை பெற்றவர் ஆயர். அங்கே மனைவி தன் விருப்பத்தை அச்சமின்றிக் கூறவும், கணவன் அதற்குச் செவிகொடுக்கவும் துணைநின்றால், அது அவர் செய்யத்தக்க பெரும்பணியாகும்.